சிமிட்டவிடாத வம்பு சார்

வாங்குகிற சம்பளத்துக்குத் தினமும் நாலு பேரிடமாவது திட்டு வாங்கியே தீரவேண்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் வம்பு சார்.

திண்டிவனத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் படமெடுப்பது அவர் வேலை. என்னைப் போன்ற சர்க்கரைக்காரர்களுக்குக் கையில் ஊசி போட்டு மஞ்சள் மருந்து ஏற்றுவார்கள். அது ரத்தத்தோடு ஓடி விழித்திரைக்கு வந்து சேரும்போது, ஓட்டம் எங்கே சீராக இருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று கேமராவில் பிடிக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் சிமிட்டினால் படம் பாழ். பளீர் பளீரென்று ஃப்ளாஷ் அடித்தால் யார்தான் சிமிட்டாமல் இருப்பார்கள்? வம்பு சார் ஒரு வழி கண்டுபிடித்தார். கோபம் வந்தவர் முறைப்பார்; முறைக்கிறவர் சிமிட்டமாட்டார்.

மேல்மலையனூரில் கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கும் அம்மா வந்தார். மருந்து ஏறியதுமே வம்பு சார் ஆரம்பித்தார்.

"இந்த அமாவாசைக்கு உங்க ஊர்ல கூட்டமே இல்லியாமே? பஸ்ஸெல்லாம் காலியா போய்க்கினு இருந்துச்சாம்."

"எவன் சொன்னவன்?"

அம்மாவின் கண் அகல விரிந்தது. படம் பளிச். பிறகு அந்த அம்மா குடையைத் தூக்கிக்கொண்டு துரத்தியது தனிக் கதை.

என் முறை வந்தபோது, "விழுப்புரமா? அது ஊருங்களா? வெறும் ஜங்ஷன்தானே!" என்றார். முறைத்தேன். அன்று எனக்குக் கிடைத்தது நல்ல படமும், 'ஜங்ஷன்' என்ற பட்டப்பெயரும்.

போன மாதம் போனபோது அந்த நாற்காலியில் வம்பு சாரே உட்கார்ந்திருந்தார். வலது கண்ணில் கொஞ்ச நாளாக மங்கலாம். கேமராவுக்குப் பின்னால் புதிதாகச் சேர்ந்த பெண். "சிமிட்டாதீங்க சார், ப்ளீஸ்" என்று அவள் கெஞ்சக் கெஞ்ச, மனிதர் பட்பட்டென்று சிமிட்டித் தள்ளினார். மருந்து ஏற்றுமுன் எடுத்துப் பார்த்த படங்களில் எல்லாம் வெறும் இமைதான்.

"பயமா இருக்குது ஜங்ஷன்" என்றார் மெதுவாக. "கண்ணு போச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

இந்த மனிதருக்குக் கேமராவை விட்டால் வேறு உலகம் கிடையாது.

மருந்து ஏறியது. நான் அவர் காதருகே குனிந்தேன்.

"இந்தப் பொண்ணு எடுக்கிற படம் உங்க படத்தவிட ஜோரா இருக்குதாம். டாக்டரம்மாவே சொன்னாங்க."

அடேயப்பா, அப்படி ஒரு முறைப்பை நான் பார்த்ததில்லை! அந்தப் பெண் ஆசை தீரப் படமெடுத்துக்கொண்டாள்.

சின்ன அடைப்புதான், லேசரில் சரியாகிவிடும், வேலைக்கு வரலாம் என்றார் டாக்டரம்மா. ஏற்றிய மருந்தில் முகமெல்லாம் மஞ்சளாக வம்பு சார் என்னை ஓரங்கட்டினார்.

"பொய்தானே சொன்னீங்க?"

"விழுப்புரம் ஒரு ஊருதான்னு ஒத்துக்குங்க, சொல்றேன்."

"அது மட்டும் நடக்காது ஜங்ஷன்!"

ஒத்துக்கொள்ளவே வேண்டாம். அடுத்த வருஷமும் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்து வம்புக்கிழுக்க, எனக்கு இந்த மனிதர்தான் வேண்டும்.