கொழுந்துக் கையில் ஓர்கிட்

செல்போனில் தங்கையோடு கதையளந்துகொண்டிருந்த ஜெயந்தினி, தற்செயலாகக் குனிந்து பார்த்தாள். ஓர்கிட் செடியின் பூந்தண்டு நுனி, மொட்டுகளோடு அவள் விரலிடுக்கில் இருந்தது. காலையிலிருந்து மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளிய கை, வீட்டுக்கு வந்தும் வேலையை நிறுத்தவில்லை.

கணவன் கந்தப்பன் கண்ணும் கருத்துமாக வளர்த்த செடி. பூண்டுலோயா மலர்க் கண்காட்சியில் வருஷா வருஷம் கிண்ணம் வாங்குபவர், கொழுந்து மலையில் எல்லாரையும் விரட்டி வேலை வாங்கும் கண்டாக்கையா. இந்த ஞாயிற்றுக்கிழமை அவரை மண்ணைக் கவ்வ வைப்பதாகக் கந்தப்பன் கங்கணம் கட்டியிருந்தான். தேயிலை லொறியோடு கொழும்புக்குப் போனவன் நாளை மறுநாள் வந்துவிடுவான்.

நுனியைச் செலோடேப் போட்டு ஒட்டினாள். விடிவதற்குள் அது கறுத்துத் தொங்கியது. குளிர்தான் காரணம் என்று அடுப்போரம் வைத்தாள். இலைகள் சுருண்டன. தெம்பு வரட்டும் என்று கோப்பையில் மிஞ்சி ஆறிய தேயிலைச் சாயத்தண்ணியை ஊற்றினாள். செடி மொத்தமாகப் படுத்துவிட்டது.

டவுனுக்கு ஓடினாள். நூர்தீன் நானா கடையின் உள் ஜன்னலில் ஓர் ஓர்கிட் இருப்பதைப் பார்த்த ஞாபகம்.

"நானா, அந்தச் செடிய ஞாயித்துக்கெழம வரைக்கும் குடுங்க. இல்லாட்டி ஒரு உசுரு போயிரும்!"

"யாரு உசுரு?"

"என்னோடதுதான்!"

நூர்தீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொட்டியை எடுத்து நீட்டினார். "ஒங்களுக்கு இல்லாத செடியா, தங்கச்சி? கொண்டு போங்க."

ஊர் திரும்பிய கந்தப்பன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நான் போகையில மொட்டாத்தானே இருந்துச்சு?"

"நல்லாக் கவனிச்சேங்க. பொசுக்குன்னு பூத்துருச்சு."

அவன் தொட்டியைத் தூக்கிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "ஒனக்கு ராசியான கைதான் புள்ள," என்று சொல்லிவிட்டு இருமினான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பரிசு கந்தப்பனுக்கு! லயத்து வீட்டுச் சனமே விசிலடித்து அவனைத் தோளில் தூக்கியது. கண்டாக்கையாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஜெயந்தினிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்தது. ஆனாலும் அடுத்தவர் செடியில் வாங்கிய பரிசு நெஞ்சைக் குத்தியது. கூட்டத்தில் கைதட்டிக்கொண்டிருந்த நூர்தீனைத் தேடிப்போனாள்.

"செடி ஒங்களோடது நானா, கப்பும் ஒங்களுக்குத்தான். அவருக்கிட்ட நானே உண்மையச் சொல்லிர்றேன்."

நூர்தீன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது கந்தப்பன் செடிதான், தங்கச்சி. நல்லத எங்கிட்ட ஒளிச்சு வச்சிட்டு, நீங்க கிள்ளுறதுக்குன்னுதான் வீட்டுல ஒண்ணு விட்டாரு!"