மூன்றாம் அடியில் வந்த பெயர்

தூரத்து அநியாயத்துக்கு மட்டும் கொதிக்கும் மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. எல்லா ஊரிலும் கிடைப்பார்கள். செஞ்சியில் கிடைத்தவர் பெயர் ராஜாங்கம்.

வங்கி வேலையில் ஓய்வு பெற்றதும் அவரைக் கலிப்சோ என்கிற பாட்டு பிடித்துக்கொண்டது. டிரினிடாட் தீவில் அடிமைகளின் பேரப்பிள்ளைகள் ஆள வந்த துரைமாரை முகத்துக்கு நேரே கேலி செய்து பாடியதையும், துரை தடை போட்டால் அந்தத் தடையையும் சேர்த்துப் பாடியதையும், பால் வாங்க வந்தவரிடமும், வல்லம் பஸ்ஸுக்கு நின்றவரிடமும், பல் பிடுங்கக் காத்திருந்தவரிடமும் சொல்லிக் கண் கலங்குவார். பல்வலிக்காரர் ஏற்கெனவே கலங்கித்தான் இருந்தார், பாவம்.

"தப்பு பண்ணவன் பேரைச் சொல்லிப் பாடணும் சார். அதான் கலிப்சோ" என்று முடிப்பார்.

மாதம் ஒரு ஞாயிறு, தெருமுனையில் அவர் வீட்டு மாடியில் பாட்டுக் கூட்டம். சுண்டல் உண்டு. ஆகவே கூட்டமும் உண்டு. போன மாதம், யார் வேண்டுமானாலும் பாடலாம் என்று வாயைக் கொடுத்துவிட்டார். தெருக்கோடி வீட்டுக் கலைச்செல்வி எழுந்தாள். தையல்காரி. பதினெட்டு நாளாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல், மிஷினை மூடிவிட்டு அடுத்த தெருவுக்குக் குடம் தூக்குகிறவள். அந்தக் காலிக் குடத்தையே கவிழ்த்துத் தட்டினாள். ராஜாங்கத்துக்குப் புல்லரித்தது. தீவுக்காரர்களும் தகர டிரம்மைத்தானே தட்டினார்கள்?

"ஆறு மணிக்குத் தெருக்கொழாயில தண்ணி வருது,
மொனை வூட்டு மோட்டாரு உறிஞ்சிக்கினு போவுது,
ராஜாங்கம் சாரு தோட்டத்துல ரோஜா பூக்குது,
எங்க வூட்டுக் கொழாயில காத்துதான் வருது."

முதல் இரண்டு அடிக்கும் தொடையில் தாளம் போட்டவரின் கை, மூன்றாம் அடியில் அந்தரத்தில் நின்றது. மாடியே சிரித்தது. அவருக்கு மட்டும் சுண்டல் தொண்டையில் சிக்கியது. தண்ணீர் கேட்கவும் வெட்கமாயிருந்தது.

"நல்லாத்தான் இருந்துச்சும்மா" என்றார், இருமலுக்கு நடுவே. "ஆனா இது கலிப்சோ இல்ல. அதுல ஆளு பேரைச் சொல்ற வழக்கமே கெடையாது."

மறுநாள் காலை ஆறு மணிக்கு மோட்டார் சுவிட்சில் கை வைத்தார். தெரு முழுக்கக் குடங்கள் முழங்கின. பாட்டில் ஐந்தாவதாக ஓர் அடி சேர்ந்திருந்தது: பேரைச் சொல்லக் கூடாதென்று சார் சொன்னாராம்! கை தானாக இறங்கியது. அன்று கலைச்செல்வி வீட்டில் நாலு குடம் நிறைந்தது, மிஷினும் ஓடியது.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ராஜாங்கத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? சிரியுங்கள். வெளியே யாரோ குடம் தட்டுகிற மாதிரி இருக்கிறது. இரண்டு அடிதான் ஆகியிருக்கிறது.