இருபதாயிரம் கிலோமீட்டர் நூல்

ஃபாங்கின் கையிலிருந்த நூல் உலக உருண்டையில் மறுபடியும் வழுக்கியது.

ஒரு முனை தைவானில், அவர்கள் இருக்கும் தைபேயில். மறுமுனை பராகுவே நாட்டின் அசுன்சியோனில். கிழக்கே சுற்றினாலும் மேற்கே சுற்றினாலும், துருவத்தின் தலைமேல் ஏறிப் போனாலும் நூல் ஒரே நீளம்தான் காட்டியது.

"இருபதாயிரம் கிலோமீட்டர். இதுக்கு மேல தூரம் வேணும்னா பூமியை விட்டே வெளிய போகணும். தேடிப் பிடிச்சிருக்கா பாரு உன் பொண்ணு."

"நேத்து வரைக்கும் உங்க பொண்ணா இருந்தா" என்றாள் மெய்-யுன், சோயாப் பாலை வடிகட்டிக்கொண்டே.

தைபேயை ஒட்டிய சின்சுவாங்கில், ஒரு சந்தில் அவர்களுக்குக் காலைச் சிற்றுண்டிக் கடை. ஒரே மகள் சின்-யூ, கூடப் படித்த எலாதியோவை மணக்கப் போகிறாள். படிப்பு முடிந்து, பெற்றோரிடம் சொல்ல அவன் தன் ஊரான அசுன்சியோனுக்குப் போயிருந்தான். ஃபாங்குக்குப் பையன்மேல் ஒரு குறையும் இல்லை. அவன் ஊர் விமான நிலையத்தின்மேல்தான் குறை.

"அவளுக்கு ஒரு காய்ச்சல்னா, ஒரே நாள்ல நான் அங்க போய் நிக்கணும். அப்பதான் சம்மதம்."

"அப்பா, அதைப் பத்தித்தான் ஒரு விஷயம்..." என்று சின்-யூ ஆரம்பித்தாள்.

"இரும்மா, கணக்கு தப்பிடும்." விமான வேகம் மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் என்று வகுத்தார். "இருபத்திரண்டு மணி நேரம். முடிஞ்சது பிரச்சினை."

"நேரா போற விமானம் எங்க இருக்கு? ரெண்டு ஊர்ல இறங்கி ஏறணும்" என்றாள் மெய்-யுன்.

இறங்கி ஏறியதில் முப்பத்தாறு ஆனது.

மறுநாள் ஃபாங் தெளிந்த முகத்தோடு வந்தார். "அங்க கடிகாரம் பதினோரு மணி நேரம் பின்னாடி ஓடுது. திங்கக்கிழமை ராத்திரி எட்டுக்கு ஏறினா, செவ்வாய் ராத்திரி ஒம்பதுக்கு இறங்கிடலாம். இருபத்தஞ்சே மணி."

"திரும்பி வரும்போது?"

ஃபாங் பென்சிலை எடுத்தார். நாற்பத்தேழு வந்தது. இன்னொரு தடவை போட்டார். அதே நாற்பத்தேழு.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ திரும்பி வரக் கூடாது" என்றார்.

அந்த வாரமே கடையைக் காலி செய்வதாக இடத்துக்காரி லியாவ் அம்மாளிடம் சொல்லிவிட்டார். பழுது பார்க்கக் கொடுத்ததாக மகளிடம் சொல்லிவிட்டு, அரைக்கும் இயந்திரத்தை விற்றார். இரண்டு டிக்கெட் எடுத்தார், போவதற்கு மட்டும்.

"அங்க யாருங்க சோயாப் பால் குடிப்பாங்க?"

"சோயா அங்க மலையா விளையுதாம். குடிக்கத்தான் ஆள் பழக்கணும். பொண்ணுகிட்ட இப்ப மூச்சு விடாதே. நிச்சயத்தன்னைக்குச் சொல்லி அசத்திடலாம்."

சின்-யூவும் அதன்பிறகு எதையும் சொல்ல வரவில்லை. அப்பா கணக்குப் போட்டு முடிக்கட்டும், நிச்சயத்தன்றே சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் லியாவ் அம்மாள் சாவி வாங்க வந்தாள். ஃபாங் வெறும் சுவரைக் கடைசியாக ஒருமுறை துடைத்தார்.

"யாருக்குக்கா குடுத்திருக்கீங்க? நல்ல ஆள்தானே?"

"என்ன தம்பி, தெரியாத மாதிரி கேக்கறீங்க? உங்க மாப்பிள்ளைக்குத்தான். மாமனார் வீட்டுப் பக்கத்துலயே காலத்துக்கும் இருக்கணும், இந்தச் சந்துல எந்தக் கடைன்னாலும் சரின்னு ரெண்டு மாசமா பராகுவேலேர்ந்து போன் போட்டுக் கெஞ்சி, பத்து வருஷத்துக்கு எழுதி வாங்கிட்டான்."