கொம்பு முன்னாலா, பின்னாலா?

மரக்காணம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை சித்தார்த்தனுக்கு, உன் மாமா இருசப்பன் தன் கையால் எழுதுவது. ‘தன் கையால்’ என்பதை இரண்டு முறை படி. இங்கே நான் நலம், மழையால் உப்பளம் மட்டும் நலமில்லை. அங்கே நீயும் என் அக்காவும் உன் கம்ப்யூட்டரும் நலமா? போனில் சொல்லலாம்தான், அறுபத்தாறு வயதில் எழுதக் கற்றவன் எதற்குப் போனில் சொல்ல வேண்டும்?

நிற்க. நீயும் உன் கூட்டாளிகளும் செய்து ஊருக்கே இலவசமாகக் கொடுத்த தமிழ் விசைப்பலகையைப் பக்கத்து வீட்டுப் பிரியங்கா என் போனில் போட்டுக் கொடுத்தாள். உன் அத்தை கொளஞ்சியம்மாள் பெருமுக்கல்லில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள், அடுத்த ஞாயிறு வருகிறாள். நாற்பது வருடமாக அவளை ‘இந்தாமே’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், பெயர் சொல்ல வெட்கம். அவளும் என்னோடு முதியோர் மாலை வகுப்பில் எழுதப் படித்தவள், ‘என் பேரை ஒரு நாளாச்சும் எழுதுவியா, பாக்கலாம்’ என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அவள் திரும்புவதற்குள் அந்தப் பெயரை அனுப்பிவிட வேண்டும்.

வகுப்பில் ‘கொ’ எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்? முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். அப்படியே தட்டினேன். கொம்பு பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் வந்து நின்றது, க தனியாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது. பிரியங்கா போனில் சேர்த்துவிட்ட உங்கள் உதவிக் குழுவில் வாயால் பேசி அனுப்பினேன். ஒருவர், ‘முதல்ல விளக்கக் குறிப்பைப் படிங்க’ என்றார். நாற்பது பக்கம்! அதைப் படிக்கத் தெரிஞ்சவன் ஏன்டா உன்னை வந்து கேக்கறேன்? இன்னொருத்தர் ‘ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க’ன்னார். நம்ம வீட்டுல ஏது ஸ்கிரீன், பிரியங்கா வீட்டு ஜன்னல் ஸ்கிரீனை, பூப்போட்டதை, போட்டோ புடிச்சு அனுப்பினேன். மூணாவது ஆள் ‘பிழை பதிவான லாக் இருக்கா’ன்னார், எனக்குத் தெரிஞ்ச லாக் பூட்டுதான், உப்புக் கிடங்குப் பூட்டைப் புடிச்சு அனுப்பினேன், துரு ஏறியிருக்கு, மன்னிச்சுக்குங்கன்னு வேற சொன்னேன். பல்லைக் காட்டுற பொம்மையா வந்து விழுந்துது, எண்ணிப் பாத்தேன், பதினொண்ணு. அப்புறம் பாத்தா குழுவையே காணோம். வெளிய தள்ளிட்டாங்க மாப்ள!

நான் உப்பளத்துக்குப் போன முதல் நாள் நினைப்பு வந்துடுச்சு. தெரியாம மடையைத் திறந்துட்டேன், மறுநாள் வார வேண்டிய உப்பு அத்தனையும் என் கண் முன்னாலயே கரைஞ்சு போச்சு. அழுதுகிட்டு நிக்கறேன், மேஸ்திரி கலியன் வந்து, ‘ஏம்பா, சாப்டியா?’ன்னார். அதுதான் முதல் கேள்வி. ‘எந்த மடைன்னு உனக்கு யாரும் காட்டல, அது எங்க தப்பு’ன்னார். அங்க ஒரு சட்டம் உண்டு: புது ஆளைப் பாத்துச் சிரிச்சவன் அன்னிக்குப் பூரா அவன் பக்கத்துல நின்னு வாரணும். அன்னிக்கு என்னைப் பாத்து ஏழு பேரு சிரிச்சாங்க, ஏழு பேரும் சேர்ந்து எனக்குத் தொழில் கத்துக் குடுத்தாங்க. எத்தனை நல்ல நாள் அது! வெயில் கூட அன்னிக்குக் கம்மியா இருந்த மாதிரி இருக்குது இப்ப நினைச்சா.

உன் குழுவிலும் அந்தச் சட்டத்தைப் போடு. என்னை ஞாயிற்றுக்கிழமைக்குள் உள்ளே சேர்த்துவிடு. உன் விரலுக்கு வலி வராமல், அக்கா கை மீன்குழம்பு குறையாமல், நீ நூறு வருடம் தட்டிக்கொண்டிரு.

உன் மாமா,
இருசப்பன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது பிரியங்கா போனைப் பார்த்துவிட்டு, ‘தாத்தா, உங்கள யாரும் தள்ளல, நீங்களேதான் போயிட்டீங்க’ என்றாள். ஆமாம், ‘வெளியேறு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்துவிட்ட சந்தோஷத்தில் அதை அழுத்தியது நான்தான். அவள் திரும்பச் சேர்த்துவிட்டாள். உள்ளே போனால், மூன்று நாளாக ‘பெரியவர் எங்கே?’ என்று தேடியிருக்கிறார்கள். முதல் பல் பொம்மையைப் போட்டவனே, ‘முதல்ல க, அப்புறம்தான் கொம்பு’ என்று விரலால் தட்டிக் காட்டி வீடியோ அனுப்பியிருக்கிறான். ஆகவே மேலே நான் திட்டியதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. அத்தையின் தங்கச்சி போனுக்குப் பெயரை அனுப்பிவிட்டேன், ஒரு எழுத்துப் பிழை இல்லை. உன் அத்தையே எழுதிய பதில் இப்போதுதான் வந்தது: ‘யாருங்க நீங்க, என் பேரைச் சொல்றது?’