ஏட்டையா ஓடவில்லை

தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டு ஓடியவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். சரியாகக் கணக்குப் போட்டுவிட்டு ஓடியவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அதுவும் குற்றாலம் மெயின் அருவிக்கு முன்னால், சீசன் நேரத்தில், குளிக்க வந்த அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு.

எண்பதுகளின் நடுவில் நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவன். தென்காசியில் யார் விசாரித்தாலும், "கம்ப்யூட்டர்ல என்னமோ படிக்கான்" என்று அம்மா சமாளித்துவிடுவாள். என்ன படிக்கிறேன் என்பது எனக்கே பிடிபட ஒன்றரை வருஷம் ஆயிற்று. விஷயம் இதுதான். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் பக்கத்துப் புளியமரம் விருட்டென்று பின்னால் போகும். தூரத்து மலை கூடவே வரும். எது எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் பஸ் எப்படிப் போகிறது, எதிரே தெரிகிற சுவர் நிமிர்ந்து நிற்கிறதா சாய்ந்து நிற்கிறதா என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். பஸ்ஸுக்குப் பதில் கேமரா. கண்ணுக்குப் பதில் கம்ப்யூட்டர். (மூளைக்குப் பதில் நான்.)

படம் பிடிக்கச் சாய்வான பாறை ஒன்று வேண்டும் என்றார் பேராசிரியர். "குற்றாலத்துல அருமையான பாறை இருக்கு சார்" என்றேன். சென்னைக்குப் பக்கத்தில் பாறையே கிடையாதா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். பாவம், கேட்காமல் கேமராவைக் கொடுத்துவிட்டார்.

குற்றாலம் எதற்கென்றால், பக்கத்தில் அச்சன்புதூரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். கோமதி. எனக்குப் பிடித்திருந்தது, அவளுக்கும் ஆட்சேபம் இல்லை என்று தகவல் வந்திருந்தது. பாக்கி அவள் அப்பா மட்டும்தான். ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு, தூரத்து முறையில் எனக்கு மாமா. ஊருக்கே 'ஏட்டையா'. முப்பது வருஷத்தில் அவரைப் பார்த்து ஆட்கள் ஓடியிருக்கிறார்களே தவிர, அவர் எதைப் பார்த்தும் ஓடியதில்லை. "பய என்ன சோலி பாக்கான்னு என் கண்ணால பாக்கணும். பொறவு பேசலாம்" என்று சொல்லியிருந்தார்.

ஆக, ஆனி மாதச் சாரலில் அருவிக்கரையில் கூடினோம். ஏட்டையா, அவர் மனைவி, கோமதி, நான், பேராசிரியரின் கேமரா. நான் கேமராவை நிறுத்துகிற முக்காலியை விரித்துக்கொண்டே விளக்கினேன். ஏட்டையா உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, சாரலுக்கு இதமாக முதுகில் கட்டம் போட்ட சிவப்புத் துண்டைப் போர்த்திக்கொண்டு கேட்டார்.

"அப்ப, கேமரா எப்படிப் போச்சுன்னு மிசினு கண்டுபிடிச்சிரும்?"

"ஆமா மாமா."

"கேமராவத் தூக்கிட்டுப் போறது யாரு?"

"நான்தான்."

"எப்படிப் போனோம்னு உமக்கே தெரியாதா?"

கோமதி மலையைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"தெரியும் மாமா. ஆனா தெரியாத மாதிரி வச்சுக்கிட்டு…"

"தெரிஞ்சத தெரியாத மாதிரி வச்சுக்கிடுததா? அதத்தான் நான் டேசன்ல முப்பது வருசம் பாத்தேன். சரி, நடத்தும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கிற வரிசையில் போய் நின்றுகொண்டார்.

கிட்டத்தட்ட சம்மதம் மாதிரிதான் இருந்தது. அந்த நிமிஷம் நான் கேமராவை மூட்டை கட்டியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

முதலில் முக்காலியில் வைத்துக் கொஞ்சம், பிறகு கையில் தூக்கி நடந்து கொஞ்சம் எடுப்பதாகத் திட்டம். வெளிச்சம் போதவில்லை. மேகம் விலகட்டும் என்று, கேமராவில் கண்ணை வைத்தபடி, அருவியின் நடுவில் ஒரே இடத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டு நிமிஷம் இருக்கும். வெயில் எட்டிப் பார்த்தது. படம் நிற்காமல் ஓடட்டும் என்று பட்டனை அழுத்திப் பூட்டிவிட்டு, கேமராவைப் பக்கத்துப் பாறைக்குத் திருப்பினேன்.

பாறை மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கேமராவை விட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். ஏறிக்கொண்டுதான் இருந்தது. சாவகாசமாக, புளியறை மேட்டில் பாரம் ஏற்றின லாரி போகிற மாதிரி.

(விழுகிற தண்ணீரையே உற்றுப் பார்த்துவிட்டு அசையாத பாறையைப் பார்த்தால் எல்லார் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். கண் செய்கிற ஏமாற்று வேலை. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.)

சாதாரண மனிதன் கண்ணைக் கசக்கியிருப்பான். நான் ஆராய்ச்சியாளன் அல்லவா, கணக்குப் போட்டேன். படத்தை வைத்துக்கொண்டு கேமராவுக்கும் பாறைக்கும் நடுவில் உள்ள நகர்வைத்தான் சொல்ல முடியும். நகர்ந்தது இதுவா அதுவா என்று சொல்ல முடியாது. ஒன்று, பாறை மேலே போக வேண்டும். இல்லையென்றால் நான் கீழே போக வேண்டும். குற்றாலத்துப் பாறை மேலே போனதாகச் சரித்திரம் இல்லை. ஆகவே நான் போகிறேன். என் காலடியில் இருக்கிற தரையும் போகிறது.

"தரை இறங்குது" என்று கத்தினேன். "எல்லாரும் ஓடுங்க."

அருவிக்கரையில் 'ஓடுங்க' என்ற ஒரு சொல் போதும். காரணத்தை அவரவர் வசதிப்படி வைத்துக்கொண்டார்கள். ஆண்கள் பக்கத்தில் வெள்ளம் என்றார்கள். பெண்கள் பக்கத்தில் ஆனை இறங்கிட்டு என்றார்கள். எண்ணெய் தேய்க்கிறவர் ஒரு பெரிய மனிதரைப் பாதியில் விட்டு ஓட, மீதி முதுகைக் காட்டிக்கொண்டே அவரும் பின்னால் ஓடினார். கேமராவை முக்காலியிலிருந்து பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நானும் பாய்ந்தேன். (கோமதியா? அந்த நேரத்தில் கோமதி என்று ஒருத்தி இருப்பதே எனக்கு நினைவில்லை. அதை அவள் இன்னும் மறக்கவில்லை.)

எனக்கு முன்னால் ஒரு கட்டம் போட்ட சிவப்புத் துண்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூட்டியது. பஸ் ஸ்டாண்டு வரை எங்களுக்கு நடுவில் ஒரு முழம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "ஏட்டையா, நீங்களா ஓடி வாறிய?" என்று கேட்டதும் துண்டு நின்றது. அவர் கேட்காமல் இருந்திருக்கலாம்.

கால் மணி நேரம் கழித்துக் கோமதி தன் அம்மாவோடு நிதானமாக நடந்து வந்தாள். தோளில் என் முக்காலி.

"என்ன தெரிஞ்சுது?" என்றாள்.

"பாறை ஏறிச்சு."

"எனக்குந்தான் ஏறிச்சு. கண்ணக் கசக்கினேன், நின்னுட்டு."

மறுநாள் காலையில் ஏட்டையா வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டார்: சம்பந்தம் வேண்டாம். டீக்கடையில் ஏட்டையா, "நான் எங்கவே ஓடினேன்? கூட்டத்த ஒழுங்குபடுத்த முன்னால போனேன்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "ஆமா ஏட்டையா, கூட்டத்துக்கு அரை மைல் முன்னால" என்றிருக்கிறார்கள்.

சென்னைக்குப் போன கையோடு ஒரு இன்லேண்ட் கடிதம் வந்தது. கோமதிதான். 'நீங்கள் ஓடியதில் அப்பாவுக்குக் கோபம் இல்லை. தான் ஓடியதில்தான் கோபம். அதற்கு ஒரு வழி பண்ணுங்கள். கணக்குப் போடுகிற ஆள்தானே.'

படச்சுருளைக் கழுவிப் போட்டுப் பார்த்தோம். பட்டன் பூட்டியபடியே நான் ஓடியிருக்கிறேன். பாறை பத்து விநாடி. மிச்சம் முழுவதும் சிவப்புத் துண்டு.

"இது எந்தப் பாறை?" என்றார் பேராசிரியர்.

"பாறை இல்ல சார். மாமனார். ஆக வேண்டியவர்."

அவர் திட்டுவார் என்று பார்த்தேன். மனிதர் துண்டின் கட்டங்களைப் பார்த்துச் சொக்கிப்போனார். புள்ளி வைத்து அளக்க அதைவிட நல்ல பரப்பு அமையாதாம். ஒவ்வொரு படமாகச் சுவரில் விழவைத்து, கட்டத்தின் மூலைகளைக் குறித்து, ஒரு மாதம் மெஷினுக்குத் தீனி போட்டேன். கடைசியில் ஒரே ஒரு தாள் வந்தது.

தாளின் மேல்பாதியில் கேமராவின் நகர்வு: மேலும் கீழும் குதித்திருக்கிறது, முன்னே பின்னே போனது பூஜ்யம். மெஷினைச் சொல்லிக் குற்றமில்லை. எதிரே இருப்பது அசையாத பொருள் என்றுதான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். இருவரும் ஒரே வேகத்தில் ஓடியதால் படத்தில் துண்டு பெரிதாகவும் ஆகவில்லை, சிறிதாகவும் ஆகவில்லை. ஆகவே, யாரும் எங்கேயும் போகவில்லை.

கீழ்ப்பாதியில் எதிரே உள்ள பரப்பின் சாய்வு: முன்பக்கமாக முப்பது டிகிரி. நிற்கிற மனிதன் அப்படிச் சாய்ந்தால் மூக்கு பெயர்ந்துவிடும். தலைதெறிக்க ஓடுகிறவன்தான் அப்படிச் சாய்வான்.

கத்தரிக்கோலை எடுத்தேன்.

மேல்பாதியை மட்டும் அச்சன்புதூருக்கு அனுப்பினேன். 'மாமாவுக்கு வணக்கம். கம்ப்யூட்டர் சோதித்ததில், தங்கள் முதுகுக்கும் என் கேமராவுக்கும் நடுவில் முன்பின் நகர்வு ஏதும் இல்லை என்று தெரியவந்துள்ளது.' ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஏட்டையா அதை டீக்கடையில் நின்று இரண்டு தரம் உரக்கப் படித்தாராம். "மிசினே சொல்லிட்டு. இனி எவனாவது பேசுங்க பாப்போம்." தை மாதம் எங்களுக்குக் கல்யாணம். தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய் அவர் வீட்டுச் சுவரில் ஏறியது.

நான்கு வருஷம் கழித்து வீடு மாற்றும்போது பழைய கோப்பிலிருந்து கீழ்ப்பாதி நழுவி விழுந்தது. கோமதிக்குக் கணக்கு நன்றாக வரும். நின்றபடியே படித்தாள்; அப்பாவிடம் மூச்சு விடவில்லை. சேலை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும், ஆபீஸில் வேலை அதிகம் என்றாலும் சரி, சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாக டாக்டர் சொன்னார் என்றாலும் சரி, முழுசாகக் கேட்டுவிட்டு அமைதியாக, "சரி, கீழ்ப்பாதி எங்க?" என்கிறாள். இப்போது பிள்ளைகளும் கேட்கிறார்கள். போன மாதம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டினேன். என் மகள் எண்களையெல்லாம் பார்க்கவில்லை. தாளின் அடி ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள், கத்தரித்திருக்கிறதா என்று.