யார் குரல் யார் காதுக்கு?

ஒரு காட்டுல ஒரு குட்டை. குட்டைன்னா பெருசா நினைச்சுக்காதீங்க, ஒரு எருமை வந்து படுத்தா மத்தவங்க எந்திரிச்சு வெளிய நிக்கணும், அவ்வளவுதான். அதுல மாசானம்னு ஒரு தவளை. அவன் பொண்டாட்டி உச்சிமாளி. தலைப்பிரட்டைப் பிள்ளைங்க ஏகப்பட்டது, ஒண்ணுக்கும் இன்னும் கால் முளைக்கல. தண்ணியோ நாளுக்கு நாள் வத்திக்கிட்டே வருது. மழை வரலைன்னா பிள்ளைங்க அத்தனையும் கருவாடு.

முன்னெல்லாம் தவளை கத்தும், மேகம் வரும், கொட்டும், போயிடும். இப்ப மேகத்துக்கு மவுசு கூடிப்போச்சு. "நேர்ல கத்துறதெல்லாம் என் உசரத்துக்குக் கேக்காது. பாட்டைப் பதிவு பண்ணிப் பருந்துகிட்ட குடுத்து விடுங்க. இரைச்சல் இல்லாம சுத்தமா இருக்கணும். கேட்டுட்டுச் சொல்றேன்"னு தகவல் அனுப்பிடுச்சு.

பதிவு பண்ணணும்னா மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஒரு பெட்டி வேணுமாம். ஆடியோ இன்டர்ஃபேஸ்னு பேரு. அது விக்கிற கடை காட்டுக்கே ஒண்ணுதான், சாரைப்பாம்பு கடை. பயப்படாதீங்க, கடை நேரத்துல அவரு யாரையும் முழுங்க மாட்டாரு. தொழில் வேற, வயிறு வேற. ஆனா ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. அப்ப உள்ள யார் நின்னாலும் அவரு பொறுப்பில்ல. போன வருஷம் ஒரு எலி ஹெட்போன் வாங்கப் போச்சு. நீலத்தை எடுக்கவா, கறுப்பை எடுக்கவான்னு மாத்தி மாத்தி மாட்டிப் பாத்துக்கிட்டே நின்னுச்சு. மணி ஒண்ணாச்சு. ரெண்டு ஹெட்போனும் இன்னும் கடையிலதான் இருக்கு.

நம்ம மாசானம் போய்ச் சேரும்போதே ஒரு மணி ஆகக் கொஞ்ச நேரம்தான் பாக்கி.

"வாங்க தம்பி, எத்தனை பேரு பாடுறீங்க?"ன்னாரு சாரை.

"நான், எங்க பிச்சம்மா அத்தை, என் சகலை சடையாண்டி. மூணே பேருதாண்ணே."

"அப்ப இந்தச் சின்னப் பெட்டியே போதும். மூணு மைக்கும் சொருகலாம். எல்லார் குரலும் ஒண்ணாக் கலந்து எல்லார் காதுக்கும் வந்துரும்."

மாசானத்துக்குத் திக்குன்னு ஆச்சு. எல்லார் காதுக்குமா! விஷயம் என்னன்னா, சடையாண்டி கல்யாணத்துல பந்தியில கொசுப் பாயசம் ஊத்தினது இந்த அத்தைதான். மாப்பிள்ளைன்னும் பாக்காம அவன் இலையைத் தாண்டிப் போயிட்டா. கரண்டி காலியாயிருச்சுன்னு இவ சொல்றா, வேணும்னே தாண்டினான்னு அவன் சொல்றான். அன்னையிலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. ஒருத்தர் கரையேறினா இன்னொருத்தர் முங்கிருவாரு.

"அண்ணே, அத்தை குரல் சகலை காதுல விழக் கூடாது. சகலை குரல் அத்தை காதுல விழக் கூடாது. ஆனா பாட்டுல ரெண்டும் இருக்கணும். அப்படி ஏதாச்சும் இருக்கா?"

சாரை மேல் தட்டுலேர்ந்து ஒரு பெரிய பெட்டியை இறக்கினாரு. முன்னாடி ஓட்டை, பின்னாடி ஓட்டை, தேன்கூடு மாதிரி. "இதுல எந்தக் குரல் எந்த வழியா வெளிய போகணும்னு நீங்களே வகுத்துக்கலாம் தம்பி. திரையில கட்டம் கட்டமா வரும். பக்கத்துல பாடுறவங்க பேரு, மேல கேக்குறவங்க பேரு. கட்டத்துல புள்ளி வச்சா குரல் போகும், இல்லைன்னா போகாது."

"பழகுறது கஷ்டமாண்ணே?"

சாரை கடிகாரத்தைப் பாத்தாரு. நாக்கை ஒரு தடவை வெளிய நீட்டி உள்ள இழுத்துக்கிட்டாரு. "நிதானமா விளக்குறேன், உக்காருங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"பெருசையே கட்டிக் குடுங்கண்ணே!"

வீட்டுக்கு வந்தா உச்சிமாளி, "சின்னது போதாதாக்கும்? தண்ணி பிள்ளைங்க முதுகு வரைக்கும் இறங்கிருச்சு, சீக்கிரம் பாடித் தொலைங்க"ன்னா.

"உனக்குத் தெரியாதுடி. நம்ம சொந்தத்தை இந்தப் பெட்டிதான் தாங்கும்."

முதல்ல எல்லாம் சரியாத்தான் போச்சு. அவங்கவங்க காதுல அவங்கவங்க குரல். ரெண்டு வரி பாடியாச்சு. அப்பத்தான் அத்தை திரையை எட்டிப் பாத்தா.

"ஏன்டா, என் பேருக்கு நேரா இந்தக் கட்டம் காலியாக் கிடக்கு?"

"அது சகலை காது, அத்தை."

"ஓ, என் குரல் அவன் காதுக்கு ஆகாதோ?"

"நீங்கதானே அத்தை அவன் வேணாம்னீங்க?"

"அவன் எனக்கு வேணாம். நான் அவனுக்கு வேணும். வைடா புள்ளி."

வச்சான். உடனே சடையாண்டி ஹெட்போனைக் கழட்டிட்டான். "அத்தைக்கு வச்சுட்டு எனக்கு வைக்கலைன்னா என்ன மாப்ளே அர்த்தம்? இங்கயும் இலையைத் தாண்டுறீங்களா?"

அவனுக்கும் வச்சான். வச்சு நிமிர்ந்தா, கேக்குறவங்க பக்கம் கடைசிப் பேருக்குக் கீழ முழுக்கக் காலி. அத்தை மூக்கை நீட்டி எழுத்துக்கூட்டிப் படிச்சா. "ஸ்பீக்கர்... இது யாருடா? வந்தவரை வெறும் இலையோட உக்கார வச்சிருக்கீங்க? பாவம், யார் பெத்த பிள்ளையோ."

"சபை மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல மாப்ளே"ன்னான் சடையாண்டி. பாயசத்துக்கப்புறம் அத்தையும் அவனும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்துலதான். மாசானமும் மனசு இளகி, ஸ்பீக்கருக்கும் எல்லாப் புள்ளியையும் வச்சுட்டான்.

அவ்வளவுதான். பெட்டியோட சேந்து வந்த ஸ்பீக்கர்ல கிளம்பின சத்தம் மைக்குக்குள்ள போச்சு. மைக்குலேர்ந்து ஸ்பீக்கருக்கு வந்துச்சு. திரும்ப மைக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் பெருத்து, "கீ...ஈ...ஈ"ன்னு ஒரு ஊளை கிளம்புச்சு பாருங்க! மான் குட்டி போட்டுருச்சு. ஆந்தை முழிச்சுக்கிச்சு. மலைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த மேகம் காதைப் பொத்திக்கிட்டு ஓடி வந்துச்சு.

"நிறுத்துங்கய்யா! என்ன வேணும் உங்களுக்கு?"

"மழை!"

"தரேன், தரேன்! முதல்ல அதை நிறுத்து!"

மாசானம் கையைப் பிசைஞ்சான். "சாமி, அதைத்தான் கேக்காம வந்துட்டேன். மணி ஒண்ணாகப் போச்சு..."

மேகம் என்ன செய்யும்? தன்கிட்ட இருந்த மொத்தத் தண்ணியையும் அந்தப் பெட்டி மேல கொட்டுச்சு. பக்கத்துக் காட்டுக்கு வச்சிருந்ததையும் சேத்துக் கொட்டுச்சு. ரொம்ப நேரம் கழிச்சுப் பெட்டி 'டுப்'புன்னு அடங்குச்சு. குட்டை நிறைஞ்சு வழிஞ்சு ஏரியாயிருச்சு. தலைப்பிரட்டைங்க கும்மாளம் போட்டுச்சு. உச்சிமாளி பிள்ளைங்களை எண்ணப் பாத்து, முடியாம விட்டுட்டா.

"இனிமே பதிவெல்லாம் வேணாம்"னுச்சு மேகம், மூச்சு வாங்க. "சும்மா கத்துங்க. எனக்கு நல்லாவே கேக்கும்."

மறுநாள் சாரை கடை வாசல்ல வரிசை. மயில், நரி, முள்ளம்பன்றி, எல்லாரும் அந்தப் பெரிய பெட்டியைத்தான் கேட்டாங்க. விளக்கம் மட்டும் யாருக்கும் வேணாமாம்.

நீதி: அழகாப் பாடுறவங்களுக்கு 'கேட்டுட்டுச் சொல்றேன்'னு பதில் வரும், நிறுத்தத் தெரியாதவங்களுக்குத்தான் மழை வரும். ஆகவே பெட்டி வாங்கும்போது ஓட்டையை எண்ணி வாங்குங்க, நிறுத்துற பொத்தான் எங்கன்னு மட்டும் கேட்டுறாதீங்க.