மாமியின் போனுக்கு நான் பார்த்த வைத்தியம்

ஒரே வளவுக்குள் இரண்டு மருமகன்கள் குடியிருந்தால், அதில் ஒருவனுக்கு நெஞ்செரிவு நிச்சயம். எங்கள் வளவில் அந்த ஒருவன் நான்.

கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். அப்படி வந்து, மாமியின் ஒரே மருமகனாக நிம்மதியாக ஆண்டுகொண்டிருந்தேன். பிறகு மனைவியின் தங்கைக்கு ரிஸ்வான் வந்தான். போன் திருத்துகிறவன். மாமியின் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து பாரை மீனின் தலை அவன் பீங்கானுக்குப் போனது. (எழுத்தைப் பெரிதாக்கினதுக்கு ஒரு தலையா? வால் போதாதா?)

மாமி உம்றாவுக்காக மக்காவுக்குப் போகவிருந்த வாரம் அவருடைய போன் நத்தையாக ஊர்ந்தது. ரிஸ்வான் கடைக்குப் போயிருந்தான்.

"தாங்க மாமி, நான் பாக்கன்."

"உங்களுக்குத் தெரியுமா மகன்?"

அந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது. செட்டிங்ஸைக் கிண்டினேன். தெரிந்த செயலிகளுக்கு நடுவில் 'பதிவிறக்க முகாமையாளர்' என்று ஒன்று இருந்தது. திறக்கப் பார்த்தேன், திறக்க வழியே இல்லை. மாமியின் போனுக்கு எதற்கு ஒரு மனேஜர்? ரிஸ்வான்தான் உள்ளே ஆள் வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். 'இதை முடக்கினால் மற்றச் செயலிகள் இயங்காமல் போகலாம்' என்று போன் எச்சரித்தது. (போனையும் வளைத்துப் போட்டிருக்கிறான் பாருங்கள்.) முடக்கினேன். கையோடு பழைய வீடியோக்களையும் அழித்ததால் போன் ஓடத் தொடங்கியது. அன்று பாரைத் தலை எனக்கு.

புறப்படும் நாள் காலை ஏஜென்சிக்காரர் மாமியின் விசாவை லிங்காக அனுப்பினார். அதை இறக்கி, அச்சடித்துக்கொண்டு பின்னேரம் அஸர் தொழுகைக்கு முதல் அவர்களுடைய ஏர்போட் வேனடிக்கு வர வேண்டும். தாள் இல்லாதவரை ஏற்ற மாட்டார்கள். லிங்கை அமத்தினேன். 'காத்திருக்கிறது' என்றது. நானும் காத்திருந்தேன். சிம்மை மாற்றினேன். கடற்கரைக்குப் போய், சிக்னல் கடலுக்குள் இருந்து வருவதுபோல் போனை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"இஞ்சாருங்க, நம்மட பட்டன் போனில திறக்காது, அந்த லிங்கை ரிஸ்வானுக்கு அனுப்புங்களன்" என்றாள் மனைவி.

அனுப்பியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் முடித்தவன் அவனாக இருந்திருப்பான்.

"நெட்வேர்க் பிழை, கொஞ்சம் பொறு" என்றேன்.

நடுப்பகல் லுஹர் தொழுகையும் முடிந்தது. மாமி வெள்ளை உடுப்போடு கதிரையில் இருந்து, "எனக்கு அல்லாஹ்ட அழைப்பு இல்லப்போல மகன்" என்று மெல்ல அழுதார். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. நானே ரிஸ்வானுக்குக் கோல் எடுத்தேன்.

வந்தான். நாலு தட்டுத் தட்டிவிட்டு, என்னை அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சொன்னான்:

"காக்கா, போன் எண்டது ஒரே சாமான் இல்ல. துண்டு துண்டாத்தான் செஞ்சிரிக்கி. இறக்கிறதுக்கெண்டே ஒரு துண்டு, போன் செஞ்சவனே வெச்சது. பிரவுசர் தானா எடுக்காது. இத எடுத்துத் தா எண்டு அதுக்கிட்டத்தான் குடுக்கும். லைன் அறுந்தாலும் விட்ட இடத்தில இரிந்து அதுதான் எடுக்கும். அத ஆரோ நிப்பாட்டி இரிக்காங்க."

'ஆரோ' என்று சொல்லும்போது அவன் என் பக்கமே திரும்பவில்லை. அந்த மரியாதைதான் கூடுதலாக எரிந்தது. (பேசியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேனே.)

"ஆரு மகன் நிப்பாட்டின?" என்றார் மாமி. மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

மறுபடி இயக்கியதும் விசா கண் மூடித் திறப்பதற்குள் இறங்கியது. ரிஸ்வானின் மோட்டார் சைக்கிளில் பறந்து அச்சடித்து வந்தோம். வேன் கதவு மூடும்போதுதான் தாள் மாமியின் கைக்குப் போனது.

மக்காவில் இருந்து மாமி வீடியோ கோல் எடுத்தார். வளவே கூடி நின்றது.

"ரெண்டு மருமகனுக்கும் அல்லாஹ்க்கிட்ட துஆக் கேட்டன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆருக்கு மாமி முதல்ல கேட்டீங்க?"

"உங்களுக்குத்தான் மகன். தேவை கூடின ஆளுக்குத்தானே முதல்ல கேக்கணும்."

அன்று தொடங்கிய சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. வளவில் யார் எதைப் போட்டு உடைத்தாலும் 'தேவை கூடின ஆள்' என்றுதான் பெயர்; பிள்ளைகள்கூட ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். மக்காவில் முதல் துஆ எனக்குத்தான். ரிஸ்வான் இரண்டாவது.